உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றியதும் இரண்டாவது மானிட்டர் எக்ஸ்டென்ஷன் படுத்துவிட்டது

#1 மார்த்தாண்டம்_அச்சு

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ், இதுதான் பிழைப்பு. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிம்ப் எல்லாம் உபுண்டுவில்தான்.

மேசையில் இரண்டு மானிட்டர். ஒன்று எனக்கு. இன்னொன்று எனக்கு முதுகைக் காட்டி, எதிரே உட்காருகிற வாடிக்கையாளர் பக்கம் திரும்பி நிற்கும். புரூஃபை அவர்கள் அதில் பார்ப்பார்கள், "மாமன் பேரு விட்டுப்போச்சே" என்பார்கள், நான் இந்தப் பக்கமிருந்து திருத்துவேன். இதற்காக மூன்று வருடத்துக்கு முன்னால், உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமுக்கு நானே ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தருகிற சின்ன நிரல்) எழுதினேன். சுமார் 240 வரி. புரூஃப் ஜன்னல் மட்டும் வாடிக்கையாளர் மானிட்டருக்குப் போகும், மற்ற எல்லாம் என் பக்கமே திறக்கும். அந்த மானிட்டரின் மேலே மெல்லிசாக ஒரு பட்டை, அதில் கடைப் பெயரும் கடிகாரமும்.

ஞாயிறு இரவு 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றினேன். திங்கள் காலை பட்டையைக் காணவில்லை. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் "காலாவதியானது" என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை. சரி, மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையைத் தொடங்கினேன். அங்கேதான் தப்பு. பத்திரிகைக்கு வந்த ஒரு குடும்பம் எதிரே இருக்க, ஃபிளெக்ஸ் அடித்துத் தருகிற ஆளின் விலைப்பட்டியலைத் திறந்தேன். அது நேராக அவர்கள் முன்னால் போய் விரிந்தது. பெண்ணின் தாய்மாமன் நிதானமாக வாசித்துவிட்டு, "உங்களுக்கு இந்த வெலைக்கா கிடைக்குது?" என்றார். பேரம் அதற்கப்புறம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டாம்.

எக்ஸ்டென்ஷனின் மெட்டாடேட்டா கோப்பில் க்னோம் ஷெல் (டெஸ்க்டாப்பைக் காட்டுகிற நிரல்) வெர்ஷன் இருக்கிற இடத்தில் 46 என்று சேர்த்துப் பார்த்தேன். எச்சரிக்கை போய், "பிழை" என்று வந்தது. எங்கிருந்து தொடங்குவது?

#2 குளச்சல்_வாத்தியார்

தம்பி, ஓடுகிற வண்டியின் எஞ்சினை எதற்கு இறக்கினாய்? என் கணினியில் இன்னும் 22.04தான். ஒரு குறையும் இல்லை.

#3 மார்த்தாண்டம்_அச்சு

சார், காரணம் இருந்தது. 22.04-ல் வருகிற இங்க்ஸ்கேப் 1.1. ஒரே கோப்பில் பல பக்கம் வைக்கிற வசதி 1.2-ல்தான் வந்தது. பத்திரிகைக்கு முன்பக்கம், பின்பக்கம், உள்ளே செருகுகிற தாள் என்று மூன்று கோப்பாக வைத்துக்கொண்டு, ஒன்றில் திருத்தி இன்னொன்றில் மறந்து, இரண்டு முறை அச்சுக் காசு கையை விட்டுப் போனது.

#4 குளச்சல்_வாத்தியார்

அதற்கு இங்க்ஸ்கேப்பை மட்டும் ஃபிளாட்பேக்காக (தனிப் பொதியாக) போட்டிருக்கலாமே. சொல்லி என்ன, ஏற்றியாகிவிட்டது. பழைய எக்ஸ்டென்ஷனின் நகலாவது இருக்கிறதா?

#5 மார்த்தாண்டம்_அச்சு

இருக்கிறது சார். பென் டிரைவில்.

#6 கருங்கல்காரன்

ஊர் கருங்கல், இருப்பு பெங்களூர். க்னோம் எக்ஸ்டென்ஷன் இரண்டு மூன்று பராமரிக்கிறேன், அதனால் இந்த வலி பழக்கம்.

அண்ணே, நீங்கள் ஏற்றியது ஒரு படி இல்லை. 22.04-ல் இருந்தது க்னோம் 42, 24.04-ல் இருப்பது 46. நடுவில் நாலு பதிப்பு, அதில் ஒன்று பெரிய பள்ளம். 2023 செப்டம்பரில் வந்த 45-ல் எக்ஸ்டென்ஷன் எழுதுகிற முறையையே மாற்றிவிட்டார்கள். அதனால் மெட்டாடேட்டாவில் எண்ணை மாற்றுவதும், பதிப்புச் சோதனையை அணைத்துவைப்பதும் இந்த இடத்தில் பலிக்காது. 43-லிருந்து 44-க்கு அந்தக் குறுக்கு வழி பல நேரம் ஓடும். 44-லிருந்து 45-க்கு ஓடாது.

என்ன மாறியது என்றால், முன்பு க்னோம் ஷெல்லின் உள் பாகங்களை "இம்போர்ட்ஸ் டாட் யூஐ டாட் மெயின்" என்று ஒரு பொதுப் பொருளிலிருந்து எடுப்போம். அது க்னோமில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற ஜிஜேஎஸ்ஸின் சொந்த வழி, வேறெங்கும் கிடையாது. இப்போது உலகம் முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் புழங்குகிற இஎஸ் மாட்யூல் முறை. கோப்பின் தலையில் "இம்போர்ட்" வாக்கியம் எழுதி, ஷெல்லின் ரிசோர்ஸ் முகவரியைக் கொடுக்க வேண்டும். இனிட், எனேபிள், டிசேபிள் என்று தனித்தனியாக நிற்கும் மூன்று ஃபங்ஷன்கள் போய், "எக்ஸ்டென்ஷன்" என்ற வகுப்பிலிருந்து பிறக்கும் ஒரு வகுப்பை டிஃபால்டாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். எனேபிளும் டிசேபிளும் அதற்குள் போய்விடும். செட்டிங்ஸ் எடுப்பதும் அந்த வகுப்பின் வேலையே.

இரண்டு முறையும் ஒரே கோப்பில் சேராது. 44 வரைக்கும் ஒரு கிளை, 45 முதல் இன்னொரு கிளை என்று கிட்டில் பிரித்துவிடுங்கள். வெளியிடுவதாக இருந்தாலும் கவலை இல்லை. க்னோமின் எக்ஸ்டென்ஷன் தளம் அவரவர் ஷெல்லுக்கு ஏற்ற பதிப்பைத்தான் கொடுக்கும்.

உங்கள் நிரலைப் போடுங்கள், பார்க்கிறேன்.

#7 மார்த்தாண்டம்_அச்சு

போட்டிருக்கிறேன். சிரிக்கக் கூடாது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதினது.

#8 தேங்காப்பட்டணம்_அலை

ஏதோ சத்தம் கேட்கிறதே என்று வந்தேன். இதற்குத்தான் நான் கேடிஇ டெஸ்க்டாப். எந்த ஜன்னல் எந்தத் திரையில் திறக்க வேண்டும் என்று ஜன்னல் விதியில் டிக் அடித்தால் முடிந்தது. ஒரு வரி நிரல் வேண்டாம்.

#9 கருங்கல்காரன்

வந்துட்டியா மக்கா. கேடிஇயின் பிளாஸ்மா 6 வந்தபோது, ஜன்னல்களை நகர்த்த நீ எழுதிய கேவின் ஸ்கிரிப்ட் என்ன ஆனது என்று அண்ணனுக்குச் சொல்.

#10 தேங்காப்பட்டணம்_அலை

சரி, சொல்லித்தானே ஆகணும். 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்தது. ஸ்கிரிப்டில் "கிளையன்ட்" என்று இருந்த பெயரெல்லாம் "விண்டோ" ஆகிவிட்டது. கிளையன்ட்லிஸ்ட் விண்டோலிஸ்ட் ஆனது, ஆக்டிவ்கிளையன்ட் ஆக்டிவ்விண்டோ ஆனது. ஒரு சனிக்கிழமை போனது. ஆனால் ஜன்னல் விதிகள் அப்படியே ஓடின, அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

#11 கருங்கல்காரன்

அண்ணே, நிரல் படித்தேன். மூன்று வருடம் ஓடியதே, அதற்கே பாராட்டு. கைவைக்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் தலைப்பகுதி. நான் சொன்ன இம்போர்ட் மாற்றம். இது பெரிதாகத் தெரியும், ஆனால் கை வேலைதான். ஒரு டீ குடிக்கிற நேரம்.

அப்புறம், மேல்பட்டையில் "அக்ரிகேட்மெனு"வுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் செருகியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் இப்போது எதுவும் கிடையாது. 2022 செப்டம்பரில் வந்த 43-லேயே அதை எடுத்துவிட்டு விரைவு அமைப்புகள் வைத்தார்கள், பெயர் "குவிக்செட்டிங்ஸ்". இல்லாத பொருளைத் தொட்டால் எனேபிள் பாதியில் நிற்கும், அதற்குக் கீழே உள்ள எதுவும் ஓடாது.

பட்டைக்குள் கடிகாரத்தை "ஆட் ஆக்டர்" என்று சேர்க்கிறீர்கள். 46-ல், ஷெல் திரையில் வரையப் பயன்படுத்துகிற கிளட்டர் லைப்ரரியின் கன்டெய்னரையே தூக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் "ஆட் சைல்ட்" என்று மாற்றுங்கள். "ரிமூவ் ஆக்டர்" இருந்தால் "ரிமூவ் சைல்ட்". தேடு, மாற்று, அவ்வளவுதான்.

பெரிய சிக்கல் நாலாவது. பேனல் மாட்யூலில் இருக்கும் ஒரு வகுப்பையே தூக்கி, அந்த இடத்தில் உங்கள் வகுப்பை வைத்திருக்கிறீர்கள். பழைய முறையில் அது நடந்தது, ஏனென்றால் மாட்யூல் வெறும் ஒரு பொருள், யாரும் உள்ளே கையை விடலாம். இஎஸ் மாட்யூலில் வெளியே தருகிற பெயர்களை வெளியாள் மாற்ற முடியாது. வகுப்பின் புரோட்டோடைப்பில் உள்ள ஒரு மெத்தடை மட்டும் மாற்றலாம். அதற்கென்றே 45-ல் "இன்ஜெக்ஷன்மேனேஜர்" என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எந்த மெத்தடை மாற்றினீர்கள் என்று அதுவே நினைவில் வைத்து, டிசேபிளில் ஒரே அழைப்பில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும்.

ஆனால் என் கேள்வி வேறு. உங்களுக்கு அந்த வகுப்பை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. கடைப் பெயரும் மணியும் காட்ட ஒரு முழு பேனல் எதற்கு? ஒரு சாதாரணப் பெட்டியை லேஅவுட் மேனேஜரிடம் "ஆட் குரோம்" என்று கொடுத்து, இடத்தை ஒதுக்கு என்றும் சொன்னால் போதும். பெரிதாக்கிய ஜன்னல் அதற்குக் கீழேயே நிற்கும்.

#12 மார்த்தாண்டம்_அச்சு

மூன்றாவது நாள். தலைப்பகுதி டீ நேரம் என்றீர்கள், எனக்கு அரை நாள் போனது. காரணத்தைக் கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் கோப்பில் கொடுக்கிற முகவரியில் "ஷெல்" சின்ன எழுத்தில் தொடங்குகிறது. பிரிஃபரன்ஸ் கோப்பில் கொடுக்கிற முகவரியில் அதே "ஷெல்" பெரிய எழுத்தில் தொடங்குகிறது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு நகல் எடுத்தேன். அமைப்புகள் ஜன்னல் திறக்கவே இல்லை. புரூஃபில் ஒரு புள்ளி விட்டுப்போனாலே கண்டுபிடிக்கிற கண், இதைப் பார்க்கவில்லை.

#13 கருங்கல்காரன்

அந்தப் பள்ளத்தில் விழாதவன் யாரும் கிடையாது அண்ணே. பிரிஃபரன்ஸ் தனி நிரலாக, ஜிடிகே 4-ல் ஓடுகிறது. எக்ஸ்டென்ஷன் ஷெல்லுக்குள்ளேயே ஓடுகிறது. அதனால்தான் இரண்டு முகவரி. அதே காரணத்துக்காக எக்ஸ்டென்ஷன் கோப்பில் ஜிடிகேவையும், பிரிஃபரன்ஸ் கோப்பில் ஷெல்லின் லைப்ரரிகளான எஸ்டி, கிளட்டர், மெட்டா இவற்றையும் இழுக்கக் கூடாது.

#14 வடசேரி_மாணவி

நான் கல்லூரியில் படிக்கிறேன், எக்ஸ்டென்ஷன் எழுதிப் பழகுகிறேன். ஒரு சந்தேகம் அண்ணா. நிரலை மாற்றிவிட்டு எக்ஸ்டென்ஷனை அணைத்துப் போட்டால் பழைய நிரலே ஓடுகிறது. ஆல்ட் எஃப்2 அழுத்தி "ஆர்" கொடுத்தால் ஷெல் புதிதாகத் தொடங்கும் என்று ஒரு பழைய பதிவில் படித்தேன், அதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்து உள்ளே வருகிறேன். எல்லாரும் இப்படித்தானா?

#15 கருங்கல்காரன்

அந்த "ஆர்" எக்ஸ்11-ல் மட்டும்தான் தங்கச்சி. திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற பழைய முறை எக்ஸ்11, புதியது வேலேண்ட். வேலேண்டில் ஷெல்தான் திரையைக் காட்டுகிற சர்வரே. அதை நிறுத்தினால் திறந்திருக்கிற எல்லாம் கூடவே போய்விடும். ஒரு முறை ஏற்றிய மாட்யூலை இறக்கவும் வழி இல்லை, அதனால்தான் அணைத்துப் போட்டாலும் பழையது.

லாக் அவுட் வேண்டாம். ஷெல்லுக்குள் இன்னொரு ஷெல்லைத் திறக்கலாம். டெர்மினலில் டிபஸ் ரன் செஷன் கட்டளையின் கீழ் க்னோம் ஷெல்லை "நெஸ்டெட்", "வேலேண்ட்" என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டினால், ஒரு ஜன்னலுக்குள் முழு டெஸ்க்டாப் வரும். உடைந்தாலும் அந்த ஜன்னல்தான் உடையும்.

உன்னிடம் ஒரே மானிட்டர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கும் வழி உண்டு. மட்டர் டீபக் நம் டம்மி மானிட்டர்ஸ் என்று ஒரு சூழல் மாறி இருக்கிறது, பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். அதற்கு 2 என்று கொடு. பொய் மானிட்டர் இரண்டு வரும். இதன் கூட்டாளியான மோட் ஸ்பெக்ஸ் மாறியில் 1024க்கு 768 என்று அளவைச் சின்னதாக வைத்துக்கொண்டால் இரண்டும் லேப்டாப் திரையில் அடங்கும். க்னோம் 49-ல் நெஸ்டெட்டை எடுத்துவிட்டு "டெவ்கிட்" என்று வேறு கொடுத்திருக்கிறார்கள், 46-ல் இதுதான்.

#16 வடசேரி_மாணவி

வந்துவிட்டது!! ஒரு லேப்டாப்புக்குள் இரண்டு மானிட்டர். நன்றி அண்ணா. பேராசிரியரிடம் காட்டினேன், அவர் "எங்கே இன்னொரு வயர்?" என்று கேட்டார்.

#17 மார்த்தாண்டம்_அச்சு

பிழை எதுவும் வரவில்லை, பட்டை வந்துவிட்டது. கருங்கல் தம்பி சொன்ன மாதிரி பேனல் வகுப்பைத் தூக்கிப் போட்டேன், 240 வரி 130 ஆனது. முடிந்தது என்று எழுத வந்தேன். எழுதுவதற்குள் இது.

பட்டை என் மானிட்டரில் வந்திருக்கிறது. வாடிக்கையாளர் மானிட்டரில் வெறும் வால்பேப்பர். அதோடு எந்த ஜன்னல் எந்த மானிட்டருக்கு என்கிற விதி பாதி நேரம்தான் வேலை செய்கிறது. கிம்ப்புக்குச் சரியாக இருக்கிறது. பிடிஎஃப் ஜன்னலும் பிரவுசரும் மவுஸ் எங்கே இருக்கிறதோ அங்கேயே திறக்கின்றன. நான் மவுஸை அந்த மானிட்டரில் வைத்துத்தானே புரூஃபைச் சுட்டிக்காட்டுவேன்!

பழைய நிரலில் இந்த இரண்டு தொல்லையும் ஒரு நாள்கூட வந்ததில்லை. 46-ல் ஏதோ பிசகு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

#18 கருங்கல்காரன்

பழைய கணினியில் எக்ஸ்11-ல் இருந்தீர்களா?

#19 மார்த்தாண்டம்_அச்சு

ஆமாம். 24.04 வந்த கையோடு, எல்லாரும் சொல்கிறார்களே என்று லாகின் திரையில் பல்சக்கரத்தைத் தட்டி வேலேண்டுக்கு மாறினேன். கார்டு என்விடியா.

#20 கருங்கல்காரன்

அப்படியென்றால் இரண்டு மாற்றத்தை ஒரே இரவில் செய்திருக்கிறீர்கள், பழியை ஒன்றின் மேல் போடுகிறீர்கள்.

கிம்ப் ஏன் சரியாக இருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் இருப்பது 2.10, அது பழைய ஜிடிகே 2-ல் எழுதியது. வேலேண்ட் தெரியாது, வேலேண்டுக்குள் எக்ஸ்11 நிரல்களை ஓட்டுகிற எக்ஸ்வேலேண்ட் வழியாகத்தான் ஓடும். அதனால் அது பழைய பழக்கப்படியே நடக்கிறது. மற்றவை நேரடியாக வேலேண்டில் ஓடுகின்றன.

உங்கள் நிரல் "விண்டோ கிரியேட்டட்" என்ற சிக்னல் வந்த உடனே ஜன்னலின் டபிள்யூஎம் கிளாஸ் பெயரைக் கேட்கிறது. எக்ஸ்11-ல் ஜன்னல் பிறக்கும்போதே பெயரோடு பிறக்கும். வேலேண்டில் ஜன்னல் முதலில் பிறக்கும், பெயரைக் கொஞ்சம் கழித்துத்தான் சொல்லும். நீங்கள் கேட்கிற நொடியில் வருவது நல், அதாவது வெறுமை. நல்லுக்கு உங்கள் விதியில் இடம் இல்லை, அதனால் விட்டுவிடுகிறது. ஜன்னல் மவுஸ் இருக்கிற மானிட்டரில் திறக்கிறது, அது ஷெல்லின் வழக்கமே.

ஜன்னலின் ஆக்டரை எடுத்து, அதில் "ஃபர்ஸ்ட் ஃப்ரேம்" சிக்னலுக்குக் காத்திருங்கள். முதல் படம் வரையப்பட்ட பிறகு வருவது அது. அப்போது பெயரும் இருக்கும், அளவும் இருக்கும், "மூவ் டு மானிட்டர்" சொன்னால் கேட்கும்.

இன்னொன்று, பெயர்களையும் சரிபாருங்கள். எக்ஸ்11-ல் பார்த்து எழுதிய பெயரும் வேலேண்டில் அதே நிரல் சொல்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆல்ட் எஃப்2 அழுத்தி "எல்ஜி" கொடுங்கள். லுக்கிங் கிளாஸ் திறக்கும், விண்டோஸ் பக்கத்தில் ஒவ்வொரு ஜன்னலின் பெயரும் எழுதியிருக்கும்.

#21 ஆரல்காற்று

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலைக் கண்காணிப்பு அறையில் வேலை. மூன்று மானிட்டர். ஆனி, ஆடிக் காற்றில் கணவாய் வழியாக அடிக்கிறபோது ஒரு நிமிடம் திரை போனாலும் போன் வந்துவிடும்.

அந்தப் பட்டை மாறி வந்தது எனக்கும் நடந்தது. நிரலில் மானிட்டர் எண் 1 என்று எழுதியிருப்பீர்கள். 0 என்னுடையது, 1 வாடிக்கையாளருடையது என்று. அந்த எண் யாருக்கும் சொந்தம் இல்லை. அன்றைக்கு எது முதலில் வரிசையில் நின்றதோ அது 0. எக்ஸ்11-ல் ஒரு வரிசை, வேலேண்டில் ஒரு வரிசை, வயரை மாற்றிச் செருகினால் வேறு வரிசை.

எங்களுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. மூன்றில் ஒன்று டிஸ்ப்ளேபோர்ட், அதை யுபிஎஸ்ஸில் இணைக்காமல் விட்டிருந்தார்கள். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அந்த மானிட்டர் பிடுங்கிப் போட்ட மாதிரி கணக்கில் இல்லாமல் போகும். மற்ற இரண்டும் எண் மாறும். ஜன்னல்கள் எல்லாம் முதன்மைத் திரையில் வந்து குவியும். மின்சாரம் வந்ததும் மானிட்டர் திரும்பி வரும், ஜன்னல்கள் திரும்பாது. அந்தந்த இடத்துக்கு அனுப்ப வேண்டிய எக்ஸ்டென்ஷனோ பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு வேறு திரைக்கு அனுப்பும்.

#22 மார்த்தாண்டம்_அச்சு

1 என்றுதான் எழுதியிருக்கிறேன். நாலு இடத்தில்.

#23 தேங்காப்பட்டணம்_அலை

என் ஜன்னல் விதியிலும் திரை எண்தான் இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

#24 வடசேரி_மாணவி

அப்படியானால் எதை வைத்து அடையாளம் காண்பது? எண் மாறும், ஜன்னல் பெயர் தாமதமாக வரும். மானிட்டருக்கு என்று நிலையான பெயர் இருக்கிறதா?

#25 கருங்கல்காரன்

நல்ல கேள்வி. இரண்டு வழி உண்டு, இரண்டிலும் ஓட்டை உண்டு.

முதல் வழி, செருகியிருக்கிற துளையின் பெயர். எச்டிஎம்ஐ-1, டிபி-1 இப்படி. மானிட்டர் மேனேஜரிடம் கனெக்டர் பெயரைக் கொடுத்தால் இன்றைய எண்ணைத் தரும், அந்தத் துளையில் எதுவும் இல்லையென்றால் -1 தரும். மானிட்டர் மேனேஜரை மெட்டாவிடம் நேராகக் கேட்கிற பழைய வழி இப்போது இல்லை, குளோபலின் பேக்எண்ட் வழியாகக் கேட்க வேண்டும். ஓட்டை என்னவென்றால், அண்ணனின் என்விடியா மாதிரி கார்டில் எக்ஸ்11 டிரைவர் துளைகளை 0-விலிருந்து எண்ணும், வேலேண்ட் 1-லிருந்து எண்ணும். எக்ஸ்11-ல் எச்டிஎம்ஐ-0 என்று இருந்தது இங்கே எச்டிஎம்ஐ-1. அதனால்தான் உங்கள் பழைய மானிட்டர்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்த இடம் வலம் அமைப்பும் கைவிட்டுப் போயிருக்கும்.

இரண்டாவது, மானிட்டரே சொல்கிற அடையாளம். கம்பெனி, மாடல், வரிசை எண். க்னோமின் ஜன்னல் மேலாளரான மட்டரின் டிஸ்ப்ளே கான்ஃபிக் டிபஸ் சேவையிடம் இப்போதைய நிலையைக் கேட்டால் கனெக்டர், கம்பெனி, மாடல், வரிசை எண் நாலும் கிடைக்கும். வயரை எங்கே செருகினாலும் மானிட்டர் அதேதான். ஓட்டை இங்கேயும் உண்டு. மலிவு மானிட்டர்கள் சிலதில் வரிசை எண்ணே இருக்காது, அல்லது எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும். பழைய விஜிஏ மாற்றி வைத்து இணைத்தால் சிலசமயம் எதுவுமே வந்து சேராது.

நான் செய்வது: முதலில் வரிசை எண் வரை பார்ப்பது, இரண்டு மானிட்டர் ஒரே பதில் சொன்னால் துளைப் பெயரைப் பார்ப்பது, அதுவும் இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது. கடைசியது முக்கியம். தெரியாதபோது ஏதோ ஒரு மானிட்டருக்கு அனுப்புகிற நிரல்தான் விலைப்பட்டியலைக் காட்டிக் கொடுக்கும்.

அப்புறம் ஆரல் அண்ணன் சொன்ன மின்சாரக் கதைக்கு: "மானிட்டர்ஸ் சேஞ்ட்" சிக்னலைக் கேட்டு எண்ணைப் புதிதாகக் கணக்கிடுங்கள். அது ஒரு முறை மட்டும் வராது, மானிட்டர் விழிக்கும்போது இரண்டு மூன்று முறை படபடவென்று வரும். அரை வினாடி பொறுத்து, கடைசியாக வந்ததற்கு மட்டும் வேலை செய்யுங்கள். அந்த டைமரை டிசேபிளில் நிறுத்த மறக்காதீர்கள். திரையைப் பூட்டும்போதும் எக்ஸ்டென்ஷன் அணைக்கப்படும். டைமர் தனியாக ஓடிக்கொண்டிருந்தால் செத்துப்போன பட்டையைப் போய்த் தொடும், பதிவில் சிவப்பாக நிறைய வரும்.

#26 ஆரல்காற்று

எங்கள் அறையில் இந்தப் பாடெல்லாம் பட்டுவிட்டு, கடைசியில் எக்ஸ்டென்ஷனையே எடுத்துவிட்டேன். மானிட்டர்கள் மூன்றையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றினோம். டாஷ்போர்டை ஃபயர்பாக்ஸின் கியோஸ்க் முறையில் ஓட்டுகிறோம், அதில் எந்த மானிட்டர் என்று சொல்கிற விருப்பமும் உண்டு. அதுவும் எண்தான், ஆனால் எங்களுக்கு மானிட்டர்கள் நகர்வதே இல்லை, அதனால் பரவாயில்லை. அச்சுக்கடைக்கு இது ஒத்துவராது, உங்களுக்கு ஜன்னல் மாறிக்கொண்டே இருக்கும்.

#27 குளச்சல்_வாத்தியார்

தம்பி, இவ்வளவு தூரம் வந்த பிறகு கேட்கிறேன், கோபிக்காதே. அந்த விலைப்பட்டியலை எதிரே ஆள் இருக்கும்போது திறக்காமல் இருந்தால் என்ன? மானிட்டர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று உனக்குத் தெரியும் அல்லவா?

#28 மார்த்தாண்டம்_அச்சு

சார், நீங்கள் ஒரு நாள் கடைக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள். மாமன் பேரைச் சேர்க்கச் சொல்லும்போதே "இதுவே எட்டுக்குப் பத்தில் அடிச்சா என்ன ஆகும்?" என்பார்கள். விலை பார்க்காமல் எப்படிச் சொல்வேன்?

#29 குளச்சல்_வாத்தியார்

நியாயம். வாபஸ்.

#30 வடசேரி_மாணவி

இதையெல்லாம் மாற்றிய பிறகு 46-லேயே நிற்க வேண்டுமா, அடுத்த பதிப்புகளிலும் ஓடுமா? என் லேப்டாப்பில் 25.10 இருக்கிறது, அதில் க்னோம் 49. அண்ணன் நிரலை அதில் சோதிக்கலாமா?

#31 கருங்கல்காரன்

சோதி, ஆனால் சில இடத்தில் தட்டும். 45-ல் வந்த மாதிரி பெரும் பள்ளம் அப்புறம் இல்லை, சின்னச் சின்னக் குழிகள்தான். 47-ல் கிளட்டரின் கலர் போய் கோகலின் கலர் வந்தது. 48-ல் பெட்டியை நெடுக்காக வைக்கிற "வெர்டிகல்" பண்பை ஓரங்கட்டி "ஓரியன்டேஷன்" வைக்கச் சொன்னார்கள். பழையது உடனே உடையாது. 49-ல் செவ்வகத்துக்கு மெட்டாவின் ரெக்டாங்கிள் இல்லை, எம்டிகேயின் ரெக்டாங்கிள். கிளிக் ஆக்ஷன் போய் கிளிக் ஜெஸ்சர். ஜன்னல் பெரிதாக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கிற அழைப்பும் மாறியிருக்கிறது.

25.10-ல் உபுண்டு டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்11 செஷனே கிடையாது. அண்ணன் இப்போதே வேலேண்டில் எல்லாவற்றையும் சரி செய்துவிடுவது ஒரு விதத்தில் நல்லதுதான். எக்ஸ்11-க்குத் திரும்பிப் போய் நிரலை அப்படியே விட்டிருந்தால் அடுத்த எல்டிஎஸ்ஸில் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பில்) இதே இழையை மறுபடி திறந்திருப்பார்.

#32 வடசேரி_மாணவி

49-ல் ஓட்டினேன். செவ்வகத்தில் மட்டும் தட்டியது, ஒரு வரி மாற்றம். இரண்டு பொய் மானிட்டருக்கும் வரிசை எண்ணை ஒன்றாக நினைத்துக்கொண்டு சோதித்தேன், ஒன்றும் செய்யாமல் நின்றது. அப்படித்தானே நிற்க வேண்டும்?

#33 கருங்கல்காரன்

அப்படியேதான். கெட்டிக்காரி.

#34 மார்த்தாண்டம்_அச்சு

பத்து நாள் கழித்து வருகிறேன். நடுவில் ஒரு திருவிழா போஸ்டர், தூங்கவே நேரமில்லை.

இப்போது 150 வரி. முன்பைவிடக் குறைவு, செய்கிற வேலை அதிகம். ஃபர்ஸ்ட் ஃப்ரேம் சரியாக வேலை செய்கிறது. ஒரே ஒரு குறை, ஜன்னல் கண்ணிமைக்கிற நேரம் வாடிக்கையாளர் பக்கம் தெரிந்துவிட்டுத்தான் என் பக்கம் தாவுகிறது. விலை வாசிக்க அவ்வளவு நேரம் போதாது என்று நம்புகிறேன், ஆனால் அந்தத் தாய்மாமன் மாதிரி ஆளைச் சொல்ல முடியாது. அதனால் விலைப்பட்டியலின் முதல் பக்கத்தை வெறுமையாக விட்டு, விலையை இரண்டாவது பக்கத்தில் வைத்துவிட்டேன். இதற்கு நிரல் தேவைப்படவில்லை.

மானிட்டர் அடையாளத்தில் கருங்கல் தம்பி சொன்ன ஓட்டை எனக்கே வந்தது. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினது, ஒரே மாடல், வரிசை எண் இரண்டிலும் ஒன்று. துளைப் பெயரை வைத்துத்தான் பிரிகிறது. வாடிக்கையாளர் மானிட்டரின் வயரில் சிவப்பு டேப் சுற்றி, "இதைத் தொடாதே" என்று கடைப் பையனுக்கு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் மழையோடு மின்சாரம் போனது. வாடிக்கையாளர் மானிட்டர் யுபிஎஸ்ஸில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். திரும்பி வந்தபோது கடைப் பெயர்ப் பட்டை ஒரு நொடி கழித்து வந்து நின்றது, புரூஃபும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. என் ஜன்னல்கள் என் பக்கமே இருந்தன.

நிரலைப் புதிதாக இணைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கடைப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாத்தியார் சார், 22.04-க்கு எக்ஸ்11-ல் ஓடுகிற பழைய நிரலும் கூடவே இருக்கிறது. உங்களுக்குத்தான். எப்போது ஏற்றப் போகிறீர்கள்?

#35 குளச்சல்_வாத்தியார்

2027 வரைக்கும் அதற்கு ஆதரவு இருக்கிறது. அதுவரை என்னைக் கேட்காதே. என்னிடம் இருப்பது ஒரே மானிட்டர்தான், இருந்தாலும் இறக்கி வைத்திருக்கிறேன்.